மட்கு, மூடாக்கு, பேல் குவியல்: உயரத்துக்கு விதி வைத்தால் போதுமா?

#1 · நாணல்

வணக்கம். மறுசுழற்சிக் கிடங்கு, மட்கு உரக் களம், மரச்சில்லு மூடாக்கு (செடியைச் சுற்றி மண்ணை மூடப் பரப்புவது) விற்கும் இடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தீப்பாதுகாப்பு விதி எழுதும் குழுவில் இருக்கிறேன். கையில் உள்ள வரைவின் சாரம் ஒரே வரிதான்: எரியக்கூடிய பொருளைச் சேமிப்பவர் தீ அபாயத்தைக் குறைக்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். எத்தனை மீட்டர் உயரம், குவியலுக்குக் குவியல் எவ்வளவு இடைவெளி, எத்தனை மாதம் வைக்கலாம் என்று எதுவும் இல்லை.

குழுவில் பாதிப் பேருக்கு இதுவே பிடித்திருக்கிறது. ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி, எண்ணைப் போட்டால் எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்ததாகிவிடும் என்கிறார்கள். நான் எண் வேண்டும் என்கிற பக்கம். ஆனால் எந்த எண், எதற்கு எண் என்பதில் எனக்கே தெளிவு போதவில்லை. களத்தில் கை வைத்தவர்கள் சொல்லுங்கள். வீட்டுத் தோட்டத்து மட்குக் குழியைப் பற்றி இங்கே பேச வேண்டாம். லாரியில் வந்து லாரியில் போகும் சரக்கு மட்டும்.

#2 · பழைய வாளி

தீயணைப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். எண் வேண்டும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

வீடு தீப்பிடித்தால் தண்ணீர் அடித்தால் அணையும். குவியல் அப்படி இல்லை. மேலே அடிக்கிற தண்ணீர் தனக்கென்று ஒரு ஓட்டை கண்டுபிடித்து அதன் வழியாக அடியில் போய் வெளியே ஓடிவிடும். உள்ளே கங்கு அப்படியே இருக்கும். காய்ந்த மரச்சில்லும் காய்ந்த மட்கும் தண்ணீரை ஏற்கவே ஏற்காது, உருட்டி விட்டுவிடும். வெளியே நனைந்து பளபளவென்று இருக்கும், மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் உள்ளே பொடி பறக்கும்.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை கழிவு நிலையங்களுக்கு வைத்திருக்கும் தீத்தடுப்புத் திட்ட வழிகாட்டுதலில் ஒரு கணக்கு உண்டு. 300 கன மீட்டர் குவியல் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 2,000 லிட்டர் வீதம் 3 மணி நேரம் தண்ணீர் கிடைக்க வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 3,60,000 லிட்டர். குவியலின் கன அளவைவிடத் தண்ணீரின் கன அளவு அதிகம்! எட்டாயிரம் லிட்டர் வண்டி என்றால் 45 நடை. அதே வழிகாட்டுதல், தீயை 4 மணி நேரத்துக்குள் அணைக்க முடிகிற மாதிரி குவியலை வை என்கிறது. அந்த 4 மணி நேரத்தை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டால் குவியலின் அளவு தானாக வந்துவிடும். "நியாயமான நடவடிக்கை" என்பதில் இருந்து எந்தக் கணக்கும் வராது.

#3 · மட்குமணி

வாளி ஐயா சொல்வது சரி, ஆனால் என் தொழிலை நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பிளாஸ்டிக் பேல் (இயந்திரத்தில் அழுத்திக் கட்டிய கட்டு) சூடானால் அது கோளாறு. மட்குக் குவியல் சூடாகாவிட்டால்தான் கோளாறு. நோய்க்கிருமியும் களை விதையும் சாக வேண்டும் என்று விதியே சூட்டைக் கேட்கிறது. அமெரிக்கக் கழிவுச்சேற்று விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: வரிசைக் குவியல் என்றால் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். ஒரு கையால் சூடாக்கு என்றும் மறு கையால் சூடாகாதே என்றும் சொல்லும் விதியை நான் எப்படிக் கடைப்பிடிப்பது?

உயரம் மட்டுமே பிரச்சினை என்று எழுதிவிட்டால், இரண்டு மீட்டர் உயரத்தில் அரைகுறையாகக் காய்ந்து கிடக்கும் ஆபத்தான குவியல் பாஸ் ஆகிவிடும். மூன்று மீட்டரில் ஒழுங்காக நனைத்துப் புரட்டும் குவியல் மாட்டிக்கொள்ளும்.

#4 · நாணல்

மட்குமணி அக்கா, அப்படியானால் மட்குக்கு எந்த எண் சரியாக இருக்கும்? ஈரமா, சூடா?

#5 · மட்குமணி

இரண்டும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக வேலை செய்யும் குவியலில் ஈரம் 50 முதல் 60 சதவீதம் இருக்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு தெரிய வேண்டும், ஓடக் கூடாது. இந்த நிலையில் தீப்பிடிக்காது. நீர் ஆவியாகிச் சூட்டை வெளியே கொண்டு போய்விடும். ரொம்பக் காய்ந்துவிட்டாலும் நுண்ணுயிர் தூங்கிவிடும், தானாகச் சூடேறாது. (வெளியே இருந்து பொறி விழுந்தால் அது வேறு கதை.) ஆபத்து நடுவில்தான். ஏறக்குறைய 20 முதல் 45 சதவீதம் வரை. நுண்ணுயிர் உயிரோடு இருந்து சூட்டைக் கிளப்பும் அளவுக்கு ஈரம் உண்டு, அந்தச் சூட்டை ஆற்றும் அளவுக்கு ஈரம் இல்லை. வைக்கோலை அரை ஈரத்தோடு போர் போட்டால் என்ன ஆகும் என்று விவசாயம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சூட்டில் இரண்டு கட்டம் இருக்கிறது. 70, 80 டிகிரி வரை நுண்ணுயிர் கொண்டுபோய் விடும். அதற்கு மேல் அவை செத்துவிடும். இனி ஆறிவிடும் என்றுதானே நினைப்போம்? அங்கிருந்து வேதிவினை பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் நேராகவே பொருளோடு சேர்ந்து சூட்டைக் கிளப்பும். அதைத் தடுக்கக் குவியலுக்குள் எதுவும் இல்லை. 90 டிகிரியைத் தாண்டிய குவியலை நான் தீப்பிடித்த குவியலாகவே கணக்கில் வைப்பேன், புகை வந்தாலும் வராவிட்டாலும்.

எங்கே பிடிக்கும் என்பதும் முக்கியம். எல்லோரும் நட்டநடுவில் வெப்பமானியைச் செருகுவார்கள். நடுவில் காற்றே இல்லை, அங்கே பிடிக்காது. பக்கச் சரிவிலிருந்து கொஞ்சம் உள்ளே, காற்றும் எட்டி, சூடும் தேங்கி, ஈரமும் குறைந்த ஒரு பட்டை இருக்கும். அங்கேதான். லோடரை மேலே ஏற்றி ஏற்றிச் சரக்கைக் கொட்டிய குவியலில் இன்னும் மோசம்: டயர் மிதித்த அடுக்கு கெட்டி, அதன் மேல் அடுக்கு பொலபொல, இரண்டும் சேரும் இடத்தில் காற்று பக்கவாட்டில் ஓடும்.

வாசனையும் மாறும். மண்வாசனை போய், புகையிலை மாதிரி, சர்க்கரை கருகின மாதிரி ஒன்று வரும். என்னிடம் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் வெப்பமானி கொண்டுவரும் முன்பே மூக்கைச் சுளித்துக்கொண்டு இடத்தைக் காட்டிவிடுவார். அவர் மூக்கை விதியில் எழுத முடியாது என்பதால் வாரம் இரண்டு முறை அளந்து ஏட்டில் எழுது, 70 தாண்டினால் புரட்டு, நனை, 80 தாண்டினால் தினமும் அள, மேலே அடுக்காதே என்று எழுதலாம். இந்த நிலைகள் நான் என் களத்தில் வைத்திருப்பவை. உயரத்துக்கும் வரம்பு இருக்கட்டும், ஆனால் புரட்டுகிற குவியலுக்கும் அசையாமல் கிடக்கும் குவியலுக்கும் ஒரே வரம்பு வேண்டாம்.

#6 · அரைக்கணக்கு

உயரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. சூடு உண்டாவது கன அளவைப் பொறுத்தது, வெளியேறுவது மேற்பரப்பைப் பொறுத்தது. குவியல் எல்லாப் பக்கமும் இரட்டிப்பானால் கன அளவு எட்டு மடங்கு, மேற்பரப்பு நாலே மடங்கு. இதைச் சமன்பாடாக எழுதியவர் சோவியத் அறிவியலாளர் ஃபிராங்க்-காமெனெட்ஸ்கி. எந்தப் பொருளுக்கும், எந்தச் சுற்றுப்புறச் சூட்டுக்கும் ஓர் எல்லை அளவு உண்டு. அதற்குக் கீழே சூடேறி நின்றுவிடும், மேலே போனால் நிற்காது.

ஐநா சபையின் அபாயப் பொருள் சோதனைக் கையேட்டில் தானாகச் சூடேறும் பொருளைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. 10 சென்டிமீட்டர் கனசதுரத்தில் பொருளை வைத்து 140 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் விடுவார்கள். 140 எங்கே இருந்து வந்தது தெரியுமா? மரக்கரியில் இருந்து. 27 கன மீட்டர், அதாவது பக்கத்துக்கு 3 மீட்டர் கனசதுரமாக வைத்தால் 50 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் கரி, 10 சென்டிமீட்டர் கனசதுரமாக வைத்தால் 140 டிகிரிக்குத்தான் பற்றும். பொருள் ஒன்றே, அளவு மட்டும் வேறு. "போன வருஷம் இதே சரக்குதானே வைத்திருந்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். போன வருஷக் குவியல் சின்னது.

ஆகவே உயரத்துக்கு வரம்பு வைப்பது அதிகாரியின் பிடிவாதம் இல்லை. ஆனால் அந்த எல்லை பொருளுக்குப் பொருள் மாறும், அக்கா சொல்வதும் அதே காரணத்தால் சரி. முழுக் கட்டைகளை அடுக்கினால் தானாகச் சூடேறுவது அபூர்வம். அதையே இலையும் பட்டையுமாக அரைத்துப் போட்டால் முதல் சில வாரத்திலேயே ஆவி பறக்கும்.

#7 · பேல்கட்டு

எல்லோரும் பெரிய இடத்தை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். நான் அட்டை, பிளாஸ்டிக் பேல் கட்டும் சின்ன யார்டு நடத்துகிறேன். வாளி சார் சொன்ன அதே இங்கிலாந்து வழிகாட்டுதலில் குவியல் உயரம் அதிகபட்சம் 4 மீட்டர், நீளமோ அகலமோ 20 மீட்டர், குவியலுக்கு இடையே 6 மீட்டர். சரி, 40க்கு 30 மீட்டர் யார்டு ஒன்றை எடுங்கள். 1,200 சதுர மீட்டர். நாலு பக்கமும் எல்லையில் 6 மீட்டர் விட்டால் உள்ளே மிஞ்சுவது 28க்கு 18. நீளம் 20ஐத் தாண்டுவதால் நடுவில் ஒரு 6 மீட்டர் விட்டுப் பிரிக்க வேண்டும்: 11க்கு 18 இரண்டு குவியல். மொத்தம் 396 சதுர மீட்டர். வாடகை முழு இடத்துக்கு, சரக்கு மூன்றில் ஒரு பங்கில்! இதில் பேல் மெஷினும் எடைமேடையும் எங்கே வைப்பது?

இன்னொன்று. என் யார்டில் நான் பார்த்த தீயெல்லாம் பேட்டரியால் வந்தவை. பொம்மைக்குள், பல் தேய்க்கும் பிரஷுக்குள், வேப் (மின்சிகரெட்) குழாய்க்குள் லித்தியம் பேட்டரியை ஒட்டி வைத்து விற்கிறவர் ஒருவர், தூக்கிக் குப்பையில் போடுகிறவர் இன்னொருவர், அது நசுங்கி என் தரையில் பற்றினால் குற்றவாளி நான். குவியல் உயரத்தைக் குறைத்தால் பேட்டரி பற்றாமல் போய்விடுமா?

#8 · தராசுமுள்

ஆய்வு அதிகாரி வேலையில் இருப்பவன், எங்கே என்பது வேண்டாம். பேல்கட்டு அண்ணனுக்கு முதலில் பதில்.

உங்கள் கணக்கில் சுவர் இல்லை. அதே வழிகாட்டுதல் 120 நிமிடம் தீயைத் தாங்கும் சுவர் இருந்தால் இடைவெளியைக் கேட்காது. பின்பக்க எல்லையிலும் இரு குவியலுக்கு நடுவிலும் அப்படிச் சுவர் வைத்தால் 14க்கு 20 இரண்டு குவியல் வைக்கலாம், 560 சதுர மீட்டர். ஏறக்குறையப் பாதி இடம். சுவருக்குச் செலவு உண்டுதான். ஆனால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிவிட்டுச் சுவர் என்று சொல்லாதீர்கள், கட்டைக்குக் கட்டை இடுக்கு வழியாக மறுபக்கம் பற்றியதைப் பார்த்திருக்கிறேன். சுவரின் உச்சி வரை சரக்கை ஏற்றினாலும் சுவர் இருந்து பயனில்லை, மேலே ஒரு மீட்டராவது காலியாக இருக்க வேண்டும்.

அப்புறம், எண்ணா பொறுப்பா என்ற கேள்வி. "நியாயமான நடவடிக்கை" என்று மட்டும் இருக்கும் விதியை வைத்துக்கொண்டு தீப்பிடித்த பிறகு வழக்குப் போடலாம். தீப்பிடிக்கும் முன்பு ஒன்றும் செய்ய முடியாது. வாசலில் நின்று "உங்கள் குவியல் பெரிதாக இருக்கிறது" என்பேன், "எனக்கு நியாயமாகப் படுகிறது" என்பார், அதோடு முடிந்தது. 4 மீட்டர் என்று இருந்தால், சுவரில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். கோடு தெரிகிறதா, சரக்குக்குப் பின்னால் மறைந்துவிட்டதா? கோடு தெரியாவிட்டால் அன்றே நோட்டீஸ். ஒரு பார்வையில் முடியும் வேலை.

அந்த 6 மீட்டர் இடைவெளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரைபடத்தில் அழகாக இருக்கும். போய்ப் பார்த்தால் அதில் ஒரு டிரெய்லர் நிற்கும், நாலு உடைந்த பேல் கிடக்கும், "நாளைக்கு எடுத்துவிடுவோம் சார்" என்பார்கள். காலியான இடம் கண்ணில் பட்டால் அதில் எதையாவது வைக்கத் தோன்றும், மனித சுபாவம். அதனால் தரையிலும் கோடு போடச் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2017 ஜூலையில் கூலரூ மறுசுழற்சி நிலையம் எரிந்தது, அக்கம்பக்கத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டி வந்தது. அடுத்த மாதமே எரியக்கூடிய மறுசுழற்சிப் பொருளுக்கென்று தனியாக இடைக்காலக் கொள்கை கொண்டுவந்தார்கள். கூடவே குவியல் அளவும் இடைவெளியும் சொல்லும் வழிகாட்டுதலும் வந்தது. 2021 ஜூலை 1 முதல் அங்கே எல்லோருக்கும் பொதுவான சுற்றுச்சூழல் கடமை என்று ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. எண், பொதுக் கடமை இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், ஒன்றுக்கு ஒன்று எதிரி இல்லை.

#9 · கிழக்குச்சன்னல்

நான் இந்தத் தொழிலில் இல்லை, இப்படி ஒரு கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவள். புகை வந்தால் சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் தீப்பாதுகாப்புத் திட்டம். நீங்கள் எல்லோரும் மீட்டரில் பேசுகிறீர்கள், எங்களுக்கு அது நாள் கணக்கு. கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச் 2ஆம் தேதி பற்றிய தீ பத்து நாளுக்கு மேல் புகைந்தது, நகரமே மூச்சுத் திணறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் 1990 பிப்ரவரியில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டயர்கள் 17 நாள் எரிந்தன, அது யாரோ வைத்த தீ. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று வெளியே ஒரு பலகையாவது வைக்கச் சொல்லுங்கள். மூன்று வருஷமாக அசையாமல் கிடக்கும் குவியலைப் பார்த்து அது "தற்காலிகச் சேமிப்பு" என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

#10 · பேல்கட்டு

அம்மா, உங்கள் கோபம் நியாயம். அந்த மூன்று வருஷக் குவியல் ஏன் கிடக்கிறது என்பதை யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன்.

இந்தத் தொழிலில் சிலருக்குச் சரக்கு உள்ளே வரும்போதே காசு வந்துவிடும், கொட்டுக் கட்டணம். வெளியே அனுப்பும்போது செலவு. அப்படி இருந்தால் வாங்கிக்கொண்டே இருப்பான், அனுப்பவே மாட்டான். குவியல் வளர வளர அவனுக்கு லாபம். ஒரு நாள் பூட்டிக்கொண்டு போய்விடுவான். இல்லை, தீப்பிடிக்கும். எது முதலில் வருகிறதோ அது.

என்னை மாதிரி காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு வேறு தலைவலி. விலை விழுந்தால் விற்க மனம் வராது, ஏறும் ஏறும் என்று வைத்திருப்போம். சீனா 2018 ஜனவரியில் பிளாஸ்டிக் கழிவையும் தரம் பிரிக்காத காகிதத்தையும் இறக்குமதி செய்வதை நிறுத்தியபோது உலகம் முழுக்க யார்டுகளில் பேல் மலையாகக் குவிந்தது. அன்றைக்கு யாரும் தீப்பாதுகாப்பைப் பற்றி நினைக்கவில்லை, சரக்கை எங்கே தள்ளுவது என்றுதான் நினைத்தோம்.

அதனால் உயரத்தோடு சேர்த்து, எத்தனை மாதம் என்பதற்கும் வரம்பு வையுங்கள். பேலில் தேதி எழுதச் சொல்லுங்கள், மார்க்கரால் ஒரு கிறுக்கல் போதும். பழையது முதலில் வெளியேறட்டும். இதைச் சொல்வதால் என் சங்கத்தில் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

#11 · கடைசிப்பக்கம்

காப்பீட்டுத் துறையில் கழிவு நிலையங்களை மதிப்பிடும் வேலை என்னுடையது. அண்ணன் கடைசியில் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்து வழிகாட்டுதலில் பெரும்பாலான பொருளுக்கு அதிகபட்சம் 6 மாதம்தான். ஆனால் காலவரம்பு எழுதினால் மட்டும் குவியல் நகராது. நகர்த்தக் காசு வேண்டும், காசு இல்லாதவர்தான் விட்டுவிட்டுப் போகிறார். உரிமம் கொடுக்கும்போதே வங்கி உத்தரவாதம் வாங்க வேண்டும். எவ்வளவு? அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு முழுவதையும் வேறொருவர் அள்ளி, லாரியில் ஏற்றி, முறையாக அகற்ற எவ்வளவு ஆகுமோ அவ்வளவு. சின்ன யார்டுகள் செத்துவிடும் என்று உடனே எதிர்ப்பு வரும். அதற்கும் வழி உண்டு. உத்தரவாதத்தை இடத்தின் பரப்புக்கு வைக்காமல் குவியலின் கன மீட்டருக்கு வையுங்கள். குறைவாக வைத்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பவருக்குக் குறைவான தொகை. அப்போது குவியலைச் சின்னதாக வைப்பது அவருக்கே லாபம். இப்போது உள்ளதற்கு நேர் எதிர்.

காப்பீடு இதைச் செய்யாதா என்று கேட்பீர்கள். செய்யாது. நாங்கள் எரிந்த மெஷினுக்கும் கட்டடத்துக்கும் கொடுப்போம். எரியாமல் கைவிடப்பட்ட குவியலுக்கு எந்தக் காப்பீடும் கிடையாது.

#12 · மட்குமணி

@கடைசிப்பக்கம் இதில் மட்கை பேலோடு சேர்க்காதீர்கள். மட்கு முதிர நாள் ஆகும், விதைப்புக் காலத்தில்தான் விற்கும். 6 மாதம் என்றால் பச்சையாகவே விற்க வேண்டி வரும். முதிர்ந்து சலித்து வைத்த மட்கு அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. சலித்தபோது ஒதுங்கும் கரட்டுச் சில்லுக் குவியலைத்தான் எல்லோரும் மூலையில் தள்ளி மறந்துவிடுவார்கள், காலவரம்பை அதற்கு வையுங்கள்.

#13 · கடைசிப்பக்கம்

ஒப்புக்கொள்கிறேன். முதிர்ந்த மட்குக்குத் தனி வரி, சலிப்புக் கழிவுக்குத் தனி வரி.

#14 · பழைய வாளி

யாரும் தொடாத ஒன்று. குவியல் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் உரிமையாளர் முதலில் என்ன செய்வார்? லோடரை எடுத்துக்கொண்டு போய் நடுவில் குத்திப் பிளப்பார். உள்ளே இவ்வளவு நேரம் காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்த கங்கு, பிளந்த நொடியில் ஆளுயரத் தீயாகிவிடும். ஓட்டுநர் கேபினில் இருக்கிறார். மேலே ஏறி நின்று தண்ணீர் அடிப்பதும் அப்படித்தான். உள்ளே எரிந்து பொந்தாகி இருக்கும், காலை வைத்தால் இடுப்பு வரை இறங்கிவிடும். புகை குறைவாக இருக்கிறதே என்று கிட்டப் போகாதீர்கள், கனலும் குவியலில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, ஆள் ஒருவர் குழாயோடு தயாராக நிற்க, தனியான ஓர் இடத்தில் மெல்லிய படுகையாகப் பரப்பி நனைக்க வேண்டும். அந்தத் "தனியான இடம்" எங்கே? இங்கிலாந்தில் மிகப் பெரிய குவியலில் பாதியைக் கொட்டும் அளவுக்கு, சுற்றி 6 மீட்டர் விட்டு, எப்போதும் காலியாக வைக்கச் சொல்கிறார்கள். தராசுமுள் தம்பி சொன்ன அதே மனித சுபாவம் அங்கேயும் வேலை செய்யும், முதலில் நிரம்பும் இடம் அதுதான்.

அடித்த தண்ணீர் எங்கே போகும் என்பதையும் எழுதுங்கள். 3,60,000 லிட்டரும் கருப்பாக, டயர் என்றால் எண்ணெயோடு, மழைநீர் வடிகாலில் இறங்கும். வடிகால் வாயை மூடும் அடைப்பான் எங்கே இருக்கிறது என்று இரவுக் காவலருக்குத் தெரிய வேண்டும். மேலாளருக்குத் தெரிந்து என்ன செய்ய? அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

#15 · அரைக்கணக்கு

பேட்டரிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. குவியல் உயரத்தைக் குறைத்தால் பேட்டரி பற்றாமல் போகாது. பற்றியது எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் மாறும். 2013 ஜூன் 30 இரவு இங்கிலாந்தின் ஸ்மெத்விக்கில் பிளாஸ்டிக்கும் காகிதமுமாக ஒரு லட்சம் டன் அளவுக்கு எரிந்ததே, அதற்குக் காரணம் வானத்தில் பறக்கவிட்ட ஒரு காகித விளக்கு. கண்காணிப்பு கேமராவில் அது வந்து இறங்குவது தெரிகிறது. வானத்தில் இருந்து வருவதை எந்த யார்டு தடுக்கும்? பொறி எங்கிருந்தும் வரும் என்று வைத்துக்கொண்டுதான் குவியலை அமைக்க வேண்டும்.

ஆனால் பேல்கட்டு அண்ணன் கேட்பது நியாயம். பேட்டரியை மேலே, தயாரிப்பாளரிடத்தில் பிடிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி விதியின்படி 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளில் உள்ள பேட்டரியைப் பயனரே கழற்ற முடிகிற மாதிரி செய்ய வேண்டும். பிரிட்டனில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வேப் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டார்கள். யார்டுக்குள் செய்ய முடிந்தது என்றால், சாயங்காலம் வந்து இறங்கும் கடைசி லோடை அன்றே பிரிப்பது, அல்லது குவியலில் சேர்க்காமல் தனியாக விட்டுக் காலையில் பார்ப்பது. நசுங்கிய பேட்டரி பற்ற மணிக்கணக்கு ஆகலாம்.

#16 · பேல்கட்டு

கடைசி லோடு விஷயம் உண்மை. நாங்கள் ஐந்து மணிக்கு மேல் வெல்டிங், கட்டிங் எதுவும் செய்வதில்லை, லோடரையும் தூசி ஊதிச் சுத்தம் செய்து குவியலுக்குத் தள்ளித்தான் நிறுத்துவோம். சூடான சைலன்சரில் காகிதத் தூசி போதும். இதை விதியில் போட்டால் எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

#17 · நாணல்

எல்லோருக்கும் நன்றி. குழுவுக்கு இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன். பொதுக் கடமை அப்படியே இருக்கட்டும். அதன் கீழே பொருள்வாரியாக எண்: உயரம், நீள அகலம், இடைவெளி, மாதம். அந்த எண்ணை மீற வேண்டும் என்பவர், தீயை அதே நேரத்துக்குள் அணைக்க முடியும் என்பதை முன்கூட்டியே காகிதத்தில் காட்டி அனுமதி வாங்கட்டும். காட்ட வேண்டிய சுமை அவருடையது. இங்கிலாந்திலும் மாற்று வழிக்கு இடம் கொடுக்கிறார்கள். மட்குக்கு உயரத்தோடு வெப்ப ஏடும் சேரும். வங்கி உத்தரவாதம் கன மீட்டர் கணக்கில். வாசலில் பலகை: என்ன பொருள், அதிகபட்சம் எவ்வளவு, பழையது எந்த மாதத்துச் சரக்கு. உத்தரவாதத்துக்குத்தான் குழுவில் அடி விழும், தெரியும். ஆனால் அது இல்லாமல் மற்ற எண் எல்லாம் நல்லவர்களை மட்டும்தான் கட்டும்.

மூடாக்கு பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அமெரிக்காவில் பல இடங்களில் பின்பற்றும் சர்வதேசத் தீ விதித்தொகுப்பில் மரச்சில்லு, மட்குக் குவியலுக்கு 25 அடி உயரம், 150 அடி அகலம், 250 அடி நீளம் வரை விடுகிறார்கள். 25 அடி என்றால் ஏழரை மீட்டருக்கு மேல். இது எனக்கு அதிகமாகப் படுகிறது.

#18 · தராசுமுள்

எனக்கும் அதிகம்தான். அந்த எண்ணைப் பெரிய இயந்திரமும் தண்ணீர் வசதியும் உள்ள இடத்துக்குத்தான் ஏற்பேன். மூடாக்கு விற்றுப் போன பிறகும் பிரச்சினை விடுவதில்லை என்பதையும் சேருங்கள். கட்டடத்தை ஒட்டிப் பரப்பியதில் சிகரெட் விழுந்து சுவர் பற்றுவது சகஜம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் இருந்து எரியக்கூடிய வெளிச்சுவரில் இருந்து 18 அங்குலத்துக்குள் மூடாக்குப் போடக் கூடாது, சின்னக் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு. அளக்கச் சுலபமான விதி, ஒரு முழக்கோல் போதும்.

#19 · நாணல்

சேர்த்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று மட்டும், மட்குமணி அக்காவுக்கு. வெப்ப ஏடு என்று எழுதினால் சும்மா மேலே செருகி எழுதிவிடுவார்கள். வெப்பமானி எவ்வளவு நீளம், எங்கே செருக வேண்டும் என்று எப்படி எழுதுவது? தெர்மல் கேமரா போதுமா என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

#20 · மட்குமணி

கேமரா மேல்தோலைத்தான் பார்க்கும். பேல் யார்டில் இரவுக் காவலுக்கு நல்லது, மட்குக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. கம்பி வெப்பமானி குறைந்தது ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கட்டும், பெரிய குவியலுக்கு இரண்டு மீட்டர். பக்கச் சரிவில், பாதி உயரத்தில், சரிவுக்குச் செங்குத்தாகச் செருக வேண்டும். அரை மீட்டரில் ஒன்று, ஒரு மீட்டரில் ஒன்று, முழு நீளத்துக்கு ஒன்று என்று மூன்று ஆழத்திலும் முள் நிற்கும் வரை காத்திருந்து படிக்க வேண்டும். நீளவாட்டில் பத்து மீட்டருக்கு ஓர் இடமாவது. உச்சியில் ஆவி கிளம்பும் இடம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். ஏட்டில் சூட்டோடு ஆழத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஆழம் எழுதாத வெப்பநிலையை நான் நம்புவதில்லை.